புதுப்பிப்பு: கையடக்கக் கேம் கருவியில் ஒரே விளையாட்டு பலமுறை தெரிந்த சிக்கல் தீர்ந்தது

உதவிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கேள்வி இதுதான்: விளையாட்டுகளைப் பட்டியலிட்டுத் திறக்கும் ஈஎஸ்-டிஇ (ES-DE) முகப்புச் செயலியில், இரண்டு வட்டுகள் கொண்ட பிளேஸ்டேஷன் விளையாட்டுகளின் ஒவ்வொரு க்யூ (.cue, வட்டின் அமைப்பு விவரம்), பின் (.bin, வட்டின் தரவு) கோப்பும் தனி விளையாட்டாகத் தெரிந்தது; எட்டு வயது மருமகனால் எதைத் திறப்பது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பலன் தந்தது எம்3யூ (.m3u, கோப்புப் பெயர்களின் பட்டியல் கொண்ட எளிய உரைக் கோப்பு) யோசனைதான். வட்டுகளின் க்யூ கோப்புப் பெயர்களை வரிக்கு ஒன்றாக ஓர் எம்3யூ கோப்பில் எழுதினேன். அந்த விளையாட்டின் எல்லாக் கோப்புகளையும் ஒரு கோப்புறையில் போட்டு, கோப்புறைக்கும் எம்3யூ நீட்டிப்புடன் அதே பெயரை வைத்தேன். இப்போது பட்டியலில் ஒரே பெயர், ஒரே படம். எவ்வளவு தெளிவு!

எதிர்பாராதது ஒன்று: விளையாட்டில் முன்பு சேமித்துவைத்த நிலைகள் தெரியவில்லை. விளையாட்டை இயக்கும் செயலியான ரெட்ரோஆர்ச், சேமிப்புக் கோப்புக்குத் திறக்கும் கோப்பின் பெயரையே வைக்கிறது. அந்தச் சேமிப்புக் கோப்பின் (.srm) பெயரை எம்3யூவின் பெயருக்கு மாற்றியதும் எல்லாம் திரும்பிவிட்டன. மாற்றும் முன் நகல் எடுத்துவையுங்கள்.

ஈஎஸ்-டிஇயில் அமைப்புகளை மாற்றவிடாமல் கட்டுப்படுத்தும் கியாஸ்க் முறையையும் இயக்கினேன். முதன்மைப் பட்டியில் ஒலியளவு மட்டுமே மிஞ்சுகிறது. சிறுவர்களுக்கு அதுவே போதும். கட்டுப்பாடில்லாத முழு முறைக்குத் திரும்ப, பொத்தான்களை இந்த வரிசையில் அழுத்துங்கள்: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ.