ஸ்கைலைட்டுக்கு ஒரு சொல் போதாது

வணக்கம். வளாகக் கட்டடத்தில் உடைந்துபோன ஸ்கைலைட்டை (வெளிச்சத்துக்காகக் கூரையில் வைக்கும் கண்ணாடிச் சாளரம்) மாற்றும் பணிக்குறிப்பில் என்ன தமிழ்ச் சொல் போடலாம் என்ற கேள்விக்கு 'வான்சாளரம்' என்று இருவர் சொல்லியிருக்கிறார்கள், காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் ஓட்டு 'கூரைச்சாளரம்' என்பதற்கே. கூரையில் இருப்பதால்தான் இதற்கு இத்தனை தொல்லை: மழை நேராக மேலே விழுகிறது, தண்ணீர் தேங்குகிறது, பராமரிப்புக்கு ஏறியவர் தெரியாமல் கண்ணாடியில் கால் வைத்தால் உயிருக்கே ஆபத்து.

சரி, அதோடு நிறுத்த முடியாது. ஒழுகுகிறது என்றதும் எல்லோரும் கண்ணாடியைத்தான் பார்க்கிறார்கள், பல நேரம் தண்ணீர் இறங்குவதோ சட்டம் கூரையோடு சேரும் இடத்தில். 'கூரைச்சாளரம் மாற்றவும்' என்று மட்டும் எழுதினால் புதுக் கண்ணாடி வந்துவிடும், துருப்பிடித்த பழைய தகடு அப்படியே கிடக்கும், அடுத்த மழைக்கு அதே மூலையில் சொட்டும். அதனால் உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும்.

திறப்பைச் சுற்றி எழுப்பும் கர்புக்கு 'வரப்பு' என்றே சொல்லலாம். வயல் வரப்பு தண்ணீரை உள்ளே நிறுத்துகிறது, இது வெளியே நிறுத்துகிறது, அவ்வளவுதான். தட்டைக் கூரையில் குறைந்தது 10 செ.மீ. உயரமாவது வேண்டும்.

ஃபிளாஷிங்குக்கு, அதாவது சட்டமும் கூரையும் சேரும் இடத்தை மூடும் தகட்டுக்கு, இங்கே வந்த 'நீர்க்காப்பு உலோகப் பட்டை' ரொம்ப நீளம், ஏணியில் நிற்பவர் கூப்பிட்டுக் கேட்கிற சொல் இல்லை அது. 'ஒதுக்குத்தகடு' எப்படி? அதன் வேலையே தண்ணீரை ஒதுக்கிவிடுவதுதான். சரிவான கூரையில் இதைக் கீழ்ப்பக்கம் முதலில் வைத்து, அப்புறம் இரு பக்கங்கள், கடைசியில் மேல்பக்கம் என்று ஒன்றன்மேல் ஒன்று படிய வைக்க வேண்டும். வரிசை மாறினால் தண்ணீர் மடிப்புக்குள் போய்விடும், இடுக்கை அடைக்கும் சீலண்ட் பசையை எவ்வளவு பூசினாலும் நெடுநாள் நிற்காது.

கண்ணாடியில் 'கெட்டிக் கண்ணாடி' என்று பொதுவாக எழுதிவிடக் கூடாது. டெம்பர்டு (சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்துக் கெட்டியாக்கியது) உடைந்தால் சிறு துண்டுகளாகக் கீழே கொட்டும், லேமினேட்டட் (இரு கண்ணாடிகளுக்கு நடுவே படலம் வைத்து ஒட்டியது) உடைந்தாலும் நடுப்படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். கீழே மாணவர்கள் நடமாடுகிற இடத்துக்கு இரண்டாவதுதான் சரி. முதலாவதைப் 'பதக்கண்ணாடி' என்றும் இரண்டாவதை 'அடுக்குக்கண்ணாடி' என்றும் பிரிக்கலாம்.

இன்னொன்று, மழையே இல்லாத குளிர்காலையில் உள்பக்கம் துளி கட்டிச் சொட்டுவது ஒழுக்கு இல்லை. அதற்கு 'வியர்ப்பு' என்று தனிச் சொல் இருந்தால் புகார் எழுதுபவரே பிரித்துச் சொல்லிவிடுவார், தகட்டை வீணாகப் பிரிக்க வேண்டியிருக்காது.

'வரப்பு' பற்றிக் கூரை வேலை செய்பவர்களிடம் கேட்டுப் பார்க்க முடிந்தவர்கள் கேட்டு எழுதுங்கள். அவர்களிடம் வேறு சொல் புழக்கத்தில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.