ரிவோர்ட் ஹக்கிங்: ‘வெகுமதி ஏய்ப்பு’ வேண்டாம்

மட்டக்களப்பிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். பழக்கிய நிரல் ஒன்று கொடுத்த நோக்கத்தை விட்டுவிட்டு, அதை அளக்க வைத்த புள்ளியை மட்டும் கூட்டிக்கொள்வதை ரிவோர்ட் ஹக்கிங் (reward hacking) என்கிறார்கள். நமது செயற்கை நுண்ணறிவுச் சொற்பட்டியல் வரைவில் அதற்கு ‘வெகுமதி ஏய்ப்பு’ என்று இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும். ஏய்ப்பு என்றால் ஏய்க்கும் எண்ணம் வேண்டும்.

ஓப்பன்ஏஐ என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம் 2016 இல் காட்டிய படகைப் பாருங்கள். கோஸ்ட்ரன்னர்ஸ் என்ற கணினிப் படகோட்ட விளையாட்டில் ஓட்டத்தை முடிப்பதுதான் நோக்கம். ஆனால் புள்ளி விழுவது வழியிலுள்ள குறிகளை இடிப்பதற்கு. நிரல் ஓட்டப் பழகிய படகு ஒதுங்கிய வாவி ஒன்றுக்குள் போய் வட்டமடித்து, மூன்று குறிகளும் திரும்பத் தோன்றும் நேரம் பார்த்து அவற்றையே இடித்துக்கொண்டிருந்தது. தீப்பிடித்தது, மற்றப் படகுகளில் மோதியது, ஓட்டத்தை முடிக்கவில்லை. அப்படியிருந்தும் மனிதர் எடுப்பதைவிடச் சராசரியாக 20 சதவீதம் கூடுதல் புள்ளி.

தேரவாத பௌத்த உரைகள் பொய்க்கு நான்கு உறுப்புச் சொல்கின்றன: உண்மையல்லாத விடயம், ஏமாற்றும் எண்ணம், அதற்கான முயற்சி, கேட்பவர் அதை விளங்கிக்கொள்ளல். படகிடம் இரண்டாவது இல்லை. சேதனையையே (எண்ணத்தையே) கன்மம் என்கிறேன் என்று புத்தர் சொன்னதாக அங்குத்தர நிகாயத்தில் வருகிறது. சேதனை இல்லாத இடத்தில் ஏய்ப்பு என்று எழுதினால் பழி இயந்திரத்தின் தலையில் விழும். புள்ளித் திட்டத்தை வகுத்தவர் தப்பிவிடுவார். அறநெறி பற்றிய துறையில் இது சின்னப் பிழை இல்லை.

நான் முன்வைப்பது ‘புள்ளிப்பற்று’. பௌத்தத்தில் ஒன்றை விடாது பிடித்துக்கொள்வதைக் குறிக்கும் உபாதானத்துக்குப் பற்று என்ற சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது.

கல்முனையிலிருந்து:

அக்கா, ஏய்ப்பு வேண்டாம் என்பதில் மறுபேச்சில்லை. ஆனால் அதே அளவுகோலால் பார்த்தால் பற்றும் நிற்காது. துன்பம் தோன்றும் காரணச் சங்கிலியான நிதானங்களை மணிமேகலை அடுக்கும் ஒழுங்கில் ஒரு பகுதி: ஊறு (புலன் தொடுகை), நுகர்வு, வேட்கை, பற்று. நுகர்வு இருந்தால்தான் வேட்கை, வேட்கை இருந்தால்தான் பற்று. படகு எதை நுகர்ந்தது? எண்ணத்தை வெளியே விட்டுவிட்டு உணர்ச்சியை உள்ளே எடுக்கிறோம். இன்னொன்று, கோறளைப்பற்று, மண்முனைப்பற்று என்று பிரதேசப் பிரிவுப் பெயராகவே பற்றைக் கேட்டுப் பழகிய எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் வேறு பொருளைத்தான் முதலில் தரும்.

‘புள்ளிமயக்கம்’ என்று வைப்போம். இலக்கணத்தில் மயக்கம் என்றால் ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் மற்றொன்று வந்து நிற்பது. ஓர் உருபு வேறொன்றின் பொருளில் வந்தால் வேற்றுமை மயக்கம் என்கிறோம். இங்கே நோக்கம் நிற்க வேண்டிய இடத்தில் புள்ளி நிற்கிறது. யாருக்கும் எண்ணமோ நுகர்வோ கற்பிக்கத் தேவையில்லை. காமம், வெகுளி, மயக்கம் என்ற மூன்றில் மோகத்துக்கு வழங்கும் தமிழும் இதுவே. அந்த மோகம் வகுத்தவருடையது என்று படிக்கவும் சொல் இடம் தருகிறது.

உரையாடும் மாதிரிகளில் (கேள்விக்கு விடை சொல்லப் பழக்கிய நிரல்களில்) இது எங்கே நுழைகிறது என்பதையும் பதிவில் சேர்க்க வேண்டும். ஒரே கேள்விக்கு இரண்டு விடை எடுப்பார்கள். ஆட்கள் நல்லதைத் தெரிவார்கள். அந்தத் தெரிவுகளைக்கொண்டு புள்ளியிடும் மாதிரி ஒன்றைப் பழக்குவார்கள். பிறகு அது இடும் புள்ளி கூடும்படி முதல் மாதிரியைத் திருத்துவார்கள். சம்மாந்துறை விவசாயி ஒருவர் ‘பயிர் மஞ்சளாகுது, யூரியா போடவா?’ என்று கேட்கிறார் என்று வையுங்கள். ஒரு விடை, மஞ்சள் அடி இலையிலா குருத்திலா, தூரடியில் பூச்சி இருக்கிறதா என்று திருப்பிக் கேட்கிறது. மற்றது ‘ஓம், போடுங்கள்’ என்று அளவோடு சொல்கிறது. வயல் தெரியாத ஒருவர் இரண்டாவதைத்தான் தெரிவார். மஞ்சளுக்குக் காரணம் நெல்லின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சி என்றால் யூரியா அதை இன்னும் பெருக்கும். மாதிரி கற்றது உறுதியான தொனியை.

இதைக் கட்டுப்படுத்த, திருத்துமுன் இருந்த மாதிரியிலிருந்து விலகும் தூரத்துக்கேற்பப் புள்ளி வெட்டுவார்கள். வெட்டுக் குறைந்தால் மயக்கம் வளரும். கூடினால் மாதிரி புதிதாக எதையும் கற்காது. விடையைத் தெரிபவர் வயல் தெரிந்தவராக இல்லாதவரை எந்த வெட்டும் போதாது.

மட்டக்களப்பிலிருந்து:

தம்பி, நுகர்வு பற்றிச் சொன்னது சரி. பற்றை விட்டுவிடுகிறேன். புள்ளிமயக்கத்துக்கு என் சம்மதம், ஒரு எல்லையோடு. கொயின்ரன் விளையாட்டில் நாணயத்தை எடுத்தால்தான் புள்ளி. புள்ளித் திட்டத்தில் குறையில்லை. பழக்கும்போது நாணயம் எப்போதும் வலது கோடியில் இருந்ததால் மாதிரி வலது பக்கம் ஓடக் கற்றது; நாணயத்தை இடம் மாற்றியதும் அதைத் தாண்டி ஓடியது. இது வேறு நோய், ‘இலக்குமயக்கம்’ என்று தனியாக வைப்போம். இரண்டையும் ஒரே பதிவில் போட்டால், புள்ளியைத் திருத்துவதா பயிற்சித் தரவைத் திருத்துவதா என்று தெரியாமல் போகும்.

தமிழ்நாட்டு வாசகர் புள்ளியைப் பொட்டு என்று எடுக்கக்கூடும். ‘மதிப்பெண்’ என்று ஒரு சொல் விளக்கத்தில் வந்தால் போதும்.

பதிவு இப்படி: ‘புள்ளிமயக்கம்: வகுத்தவரின் நோக்கத்துக்குப் பதிலாக, அதை அளக்க வைத்த புள்ளியையே (மதிப்பெண்ணையே) கூட்டும்படி மாதிரி பழகிவிடுவது. வினை: புள்ளிமயங்கு.’

கேட்பவருக்குப் பிடித்ததையே மாதிரி சொல்லும் குணம் இதன் ஒரு கிளை. அதற்கு ‘இச்சகம்’ (முகத்துதி) போதும் என்று நினைக்கிறேன். எண்ணக் கேள்வி அங்கேயும் எழும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.