ஒரே டேங்கில் ரெண்டு லெப்பர்ட் கெக்கோ: பிரிக்கிறதா, விடுறதா?

பிராம்டன்_குமரன்
என்னட்ட ரெண்டு லெப்பர்ட் கெக்கோ (புள்ளி போட்ட வளர்ப்புப் பல்லி) இருக்கு. ரெண்டும் பெட்டை எண்டு சொல்லித்தான் கடையில தந்தவை. எட்டு மாசம் ஒரு சோலியும் இல்லை. இண்டைக்குக் காலமை பாத்தா சின்னதின்ர வால் கழண்டு தனியாத் துடிச்சுக்கொண்டு கிடக்கு. கழுத்திலயும் கடி. 20 கேலன் கண்ணாடி டேங்க், ஒளியக் குகை ஒண்டு. பெரிய டேங்க் வாங்கினாச் சரிவருமோ?

வால்நட்சத்திரம்
முதல்ல பிரிங்க சகோ, மத்ததை அப்புறம் பேசலாம். அடிபட்டதுக்கு இப்போதைக்குக் காத்து ஓட்டையும் ஒளிய இடமும் இருக்கிற பிளாஸ்டிக் டப்பா போதும். மணல் போடாதீங்க, புண்ணுல ஒட்டும். டிஷ்யூ பேப்பர் மட்டும். ஒரு பக்கம் சூடு இருக்கணும். கழுத்துக் கடி சீழ் வைக்கும், டாக்டர்கிட்ட காட்டிடுங்க. வால் வளரும், ஆனா மொழுக்குன்னு, பழைய புள்ளி இல்லாம. கொழுப்பைச் சேத்து வைக்கிறதே வால்லதான், அதனால தீனி கொஞ்சம் கூடவே குடுங்க. திரும்ப ஒண்ணாச் சேக்காதீங்க. எப்பவுமே.

கெக்கோ_மாமா
"எப்பவுமே"ங்கிறது ஓவர். என்கிட்ட மூணு பெண்ணுங்க நாலு வருஷமா ஒண்ணாத்தான் இருக்கு, ஒரு கீறல் இல்ல. குமரன் வச்சிருக்கிறது ஒரே குகை. ஒரு குழாய்க்கு ரெண்டு குடம்னா சண்டை வராம என்ன வரும்? ஆளுக்கு ஒரு சூடான குகை, ஈரக் குகை, தீனித் தட்டு வைக்கட்டும். காட்டுலயும் ஒரே பாறை இடுக்குல ரெண்டு மூணு கிடக்கிறது உண்டே.

வால்நட்சத்திரம்
காட்டுல தோத்தது ஓடிடும் மாமா. கண்ணாடிக்குள்ள எங்க ஓடும்? வீட்டு டியூப்லைட்டைப் பாருங்க. தடியான பல்லி ஒண்ணு பூச்சி விழுற இடத்தைப் பிடிச்சுக்கிட்டு மத்ததை விரட்டும். சுவர் நீளமா இருக்கிறதால அங்க ரத்தம் வர்றதில்ல.

பெண்ணுன்னா சாதுன்னும் இல்ல. முட்டை 26 டிகிரியில இருந்தா பெண், 32 கிட்ட பெரும்பாலும் ஆண், 34 கிட்ட மறுபடி பெரும்பாலும் பெண். கூடுதல் சூட்டுல பொரிஞ்ச பெண்ணுங்களுக்கு முரட்டுத்தனம் கூடன்னு டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல டேவிட் க்ரூஸ் குழு 1990களிலேயே காட்டிருக்காங்க. உங்க மூணும் எந்தச் சூட்டுல பொரிஞ்சதுன்னு தெரியுமா?

கெக்கோ_மாமா
தெரியாது. ஆனா ஒண்ணு மேல ஒண்ணு படுத்துத் தூங்குதே, பகை இருந்தா அப்படிப் படுக்குமா?

வால்நட்சத்திரம்
பாசம் இல்ல மாமா, சூடான கல்லுக்குப் போட்டி. மேல படுத்தது ஜெயிச்சுட்டுது. கடிக்காமலே ஒண்ணை ஒண்ணு பட்டினி போடும். நம்பலைன்னா எடை போடுங்க.

பிராம்டன்_குமரன்
அண்ணை, பிரிச்சிட்டன். கால் இடுக்கில V மாதிரிப் புள்ளித் துளை இருந்தா ஆண் எண்டு வாசிச்சுப்போட்டுப் பாத்தன். ரெண்டிலயும் தெளிவா இல்லை, வாலடியில வீக்கமும் இல்லை. அப்ப ரெண்டும் பெட்டைதான். தராசில பெரிசு 62 கிராம், சின்னது வால் இல்லாமல் 39. வால் போனதையும் சேத்தாலும் வித்தியாசம் கூடத்தான். சின்னது சாப்பிடேல்லை எண்டது எனக்கு இவ்வளவு நாளும் தெரியாமல் போட்டுது.

கெக்கோ_மாமா
ராத்திரி சமையலறைத் தராசை எடுத்தேன் (வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லல). 58, 55, 41. மாடியில பழைய டேங்க் ஒண்ணு கிடக்கு, கழுவிக்கிட்டிருக்கேன். ஆனா மத்த ரெண்டையும் பிரிக்க மாட்டேன், அதுக்கு வேற ஆளைப் பாருங்க.

வால்நட்சத்திரம்
மாசா மாசம் எடை மட்டும் போடுங்க மாமா.