லிங்க்குக்கு எக்ஸ்பைரி தேதி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கொழுந்துக் கணக்கு (கோத்தகிரி)

ஏப்ரலில் நடந்தது. இன்னும் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

தேயிலை ஃபேக்டரி ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். இலை போடும் சிறு விவசாயிகள் 62 பேர். ஆளுக்கொரு கூகுள் ஷீட். என்றைக்கு எத்தனை கிலோ, ஈரத்துக்கு எவ்வளவு கழிவு, தேயிலை வாரியம் அந்த மாதத்துக்குச் சொன்ன விலை, கைக்கு வரும் தொகை எல்லாம் அதில் இருக்கும். அவரவர் ஜிமெயிலுக்கு ஷேர் பண்ணி, மார்ச் 31 என்று முடிவுத் தேதி போட்டிருந்தேன்; அதற்குப் பிறகு அது அவர்களுக்குத் திறக்காது. வருஷக் கணக்கு முடிந்ததும் புது ஷீட் தரலாம் என்று எண்ணம். ஆடிட் வேலையில் அது தள்ளிப் போய்விட்டது.

4ஆம் தேதி காலை பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) பெரியவர் ஒருவர் வந்தார். எழுபதுக்கு மேல் வயது. செல்லை பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதைக் கர்ச்சீப்பில் சுற்றி வைத்திருந்தார். நிதானமாகப் பிரித்து என் மேசைமேல் வைத்தார். திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி, கீழே ஒரு நீலப் பட்டன். எதிர்வீட்டுப் பையன் படித்துவிட்டு, ‘இனிமே உங்களுக்கு அனுமதி இல்லை தாத்தா’ என்று சொன்னானாம்.

“என்னை எடுத்துட்டீங்களா அம்மா? இலை சரியில்லைன்னா நேர்லயே சொல்லியிருக்கலாமே.”

மூன்று நாளாக அவர் எங்கள் வண்டிக்கு இலை போடவில்லை. நீக்கிவிட்டோம் என்று நினைத்து ரோட்டோர ஏஜெண்டிடம் கிடைத்த விலைக்குக் கொடுத்திருக்கிறார். உட்கார வைத்து, திரும்ப ஷேர் பண்ணி, ஷீட்டைத் திறந்து காட்டினேன். மார்ச் மாதத்து வரிசையை மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அவர் போனதும் ஆபீஸ் மெயிலைத் திறந்தேன். அனுமதி கேட்டு 17 பேருடைய மெயில் வந்து கிடந்தது. அந்த நீலப் பட்டனை அமுக்கியவர்கள். அமுக்கத் தெரியாத மற்றவர்கள் என்ன நினைத்துக்கொண்டார்களோ.

மூஞ்சிக்கல்வாசி (கொடைக்கானல்)

எனக்கு நேர் எதிரானது நடந்தது. நான் தேதியே போடவில்லை.

பெருமாள்மலை பக்கம் காட்டேஜ் ஒன்றில் மேனேஜராக இருந்தேன். 2024 மே 7ஆம் தேதியிலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கும் இ-பாஸ் (வண்டியில் வர ஆன்லைனில் பதிந்து எடுக்கும் அனுமதி) வந்தது எல்லோருக்கும் தெரியும். ‘எங்களுக்குப் பதியத் தெரியாது, நீங்களே எடுத்துக் கொடுங்கள்’ என்று கெஸ்ட்டுகள் கேட்பார்கள். வண்டி நம்பர், ஆட்கள் எண்ணிக்கை கேட்கும்போதே, ரூம் பதிவுக்காக ஆதாரையும் வாட்ஸ்அப்பில் வாங்கிவிடுவோம். எல்லாம் ஒரே ஃபோல்டரில். ரிசப்ஷன் பையன்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஒவ்வொருவரையும் சேர்க்கச் சோம்பல்பட்டு ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று வைத்துவிட்டேன். தப்புதான்.

போன டிசம்பரில் ஏரிப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, முன்பு எங்கள் காட்டேஜில் வேலை பார்த்த தம்பி வந்தான். இப்போது வேறு லாட்ஜில் இருக்கிறான். “அண்ணா, அந்த ஃபோல்டர் லிங்க் இன்னும் திறக்குது, பாத்தீங்களா?” என்று செல்லை நீட்டினான். முதலில் கண்ணில் பட்டது ஒரு பால் ஆதார். நீலக் கலரில், ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குக் கொடுப்பார்களே, அது. ரெட்டைச் சடை போட்ட பிள்ளை. கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. எல்லாம் ஒரு நாள், இரண்டு நாள் தங்கிவிட்டுப் போன குடும்பங்கள்.

அன்றைக்கே ஃபோல்டரை அழித்துவிட்டேன். அந்த லிங்க் அதுவரை எத்தனை கைக்குப் போனது என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை. அந்தப் பிள்ளை முகம் மட்டும் மறக்கவில்லை.

நாடுகாணி நெட்வொர்க் (கூடலூர்)

கோத்தகிரி அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் தேதி போட்டதே தவறு. அந்தக் கணக்கு அவருடைய இலையின் கணக்கு. அவர் எப்போது வேண்டுமானாலும் பார்க்கும் உரிமை உள்ள ஒன்றுக்கு எதற்கு எக்ஸ்பைரி? கொடைக்கானல் அண்ணன் கதை அப்படி இல்லை. அடுத்தவர் அடையாள அட்டை நம் கையில் இருப்பதே கொஞ்ச நாளைக்குத்தான். 2023ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வேலை முடிந்த தரவை அழிக்கச் சொல்கிறது.

என் கதை சின்னது. ஒரு பள்ளிக்கு கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுத்தேன். வேலை முடிந்து எட்டு மாதம் கழித்தும் பிள்ளைகளின் மார்க் ஷீட் என் செல்லில் திறந்தது. நானே கூப்பிட்டுச் சொல்லி எடுக்க வைத்தேன்.

இந்த வேலையில் இருப்பதால் சிலதைச் சொல்லிவிடுகிறேன். கூகுள் டிரைவில் தேதி போடும் வசதி ஆபீஸ், பள்ளிக் கணக்குகளில்தான் கிடைக்கும். சாதாரண இலவச ஜிமெயிலில் தேட வேண்டாம். கிடைக்கும் இடத்திலும் பெயர் சொல்லிச் சேர்த்த ஆளுக்குத்தான் தேதி போட முடியும், அதிகபட்சம் ஒரு வருஷம். ஜிமெயிலில் ‘கான்ஃபிடென்ஷியல் மோட்’ என்று ஒன்று இருக்கிறது, அது இலவசக் கணக்கிலும் உண்டு. மெயில் எவ்வளவு காலம் திறக்கும் என்று ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், ஐந்து வருஷம் இவற்றில் தேர்ந்தெடுக்கலாம். வாங்குகிறவர் அந்த மெயிலையோ அதோடு வரும் ஃபைலையோ டவுன்லோடு, பிரிண்ட், ஃபார்வர்டு எதுவும் செய்ய முடியாது. வாட்ஸ்அப்பில் மறையும் மெசேஜ் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள். ஆனால் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டால் எந்தத் தேதியும் அவரிடமிருந்து அதைத் திரும்ப வாங்காது. லிங்க் சாகும், காப்பி சாகாது.

ஆதார் வாங்குகிறவர்கள் மாஸ்க் செய்த ஆதாராகக் கேளுங்கள். கடைசி 4 எண் மட்டும் தெரியும், ரூம் பதிவுக்கு அது போதும். செல்லில் மாதம் ஒருநாள் ரிமைண்டர் வையுங்கள்: யாருக்கு என்ன திறந்திருக்கிறது என்று பார்க்க. தேதி முடிய ஒரு வாரம் இருக்கும்போது இன்னொரு ரிமைண்டர். இரண்டாவதை வைத்திருந்தால் கோத்தகிரியில் அப்படி நடந்திருக்காது.

பர்லியாறு வளைவு (குன்னூர்)

நாடுகாணி நண்பர் தேதியைப் போடுகிறவர் பக்கத்திலிருந்தே பேசுகிறார். வாங்கிக்கொள்கிறவர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

அப்பாவுக்கு முதுகு வலி. கோவையில் ஒரு சென்டரில் எம்ஆர்ஐ எடுத்தோம். ஃபிலிம் இல்லை, எஸ்எம்எஸ்சில் லிங்க் வரும் என்றார்கள். வந்தது. 30 நாள்தான் செல்லும் என்று அந்த மெசேஜின் கடைசி வரியில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. அங்கே பார்த்த டாக்டர் மாத்திரை கொடுத்தார், வலி கேட்கவில்லை. ஊட்டியில் இன்னொருவரிடம் போனோம். அது 37ஆவது நாள்.

டாக்டர் லிங்க்கைத் தட்டிப் பார்த்துவிட்டு மானிட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். வெள்ளைத் திரை, நடுவில் ஒரே வரி. எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவுக்குப் புரியவில்லை. “படம் அழிஞ்சு போச்சாப்பா? மறுபடி அந்தக் குழாய்க்குள்ள போகணுமா?” என்றார். முதல் தடவை உள்ளே போனபோது பாதியில் நிறுத்தச் சொல்லிக் கத்தியவர். கேட்கும்போதே கை நடுங்கியது.

அழியவில்லை, லிங்க்தான் செத்திருந்தது. மறுநாள் விடிகாலை பைக்கில் மலை இறங்கி, சிடி வாங்கி வந்தேன். டாக்டர் கம்ப்யூட்டரில் சிடி போட இடமே இல்லை! குன்னூரில் ஒரு ஸ்டுடியோக்காரர் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஆக மொத்தம் நாலு நாள், அப்பா நாலு நாளும் சரியாகத் தூங்கவில்லை.

கவுன்டரில் இருந்தவர் வாயைத் திறந்து ‘30 நாளைக்குள் டவுன்லோடு பண்ணிக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பூம்பாறைப் பூண்டு

எங்களுக்கு விலைப் பட்டியலில் அடி. ஏவாரிகளுக்கு வாரா வாரம் பிடிஎஃப் லிங்க் அனுப்புவோம். பழையதை மூடமாட்டோம். வடுகபட்டிச் சந்தையில் ஒருவர் இரண்டு மாதப் பழைய லிங்க்கைத் திறந்து, “உங்க விலை இதுதானே?” என்று நாலு பேர் முன்னால் நின்றார். மூட்டையை இறக்கியாகிவிட்டது, திருப்பி ஏற்ற வண்டியும் இல்லை. அந்த விலைக்கே கொடுத்துவிட்டு வந்தோம். இப்போது பிடிஎஃப்பிலேயே ‘இந்த விலை சனிக்கிழமை வரை’ என்று பெரிதாகப் போடுகிறோம். லிங்க் திறந்தாலும் பரவாயில்லை.

மூஞ்சிக்கல்வாசி (கொடைக்கானல்)

நாடுகாணி தம்பி, மாஸ்க் ஆதார் விஷயம் நல்லது, இப்போது இருக்கும் இடத்தில் சொல்லிவிட்டேன். ஆனால் ரிமைண்டர் வைத்திருந்தால் நடந்திருக்காது என்று அந்த அக்காவிடம் சொல்லாதீர்கள். மார்ச் கடைசியில் கணக்கு மேசையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த வாரம் எப்படிப் போகும் என்று தெரியும்.

அக்கா, அந்தப் பெரியவர் திரும்ப இலை போடுகிறாரா?

கொழுந்துக் கணக்கு (கோத்தகிரி)

போடுகிறார். முடிவுத் தேதியை 62 பேருக்கும் எடுத்துவிட்டேன், நாடுகாணி சார் சொன்னது சரிதான். தமிழில் ஒரு மெசேஜும் அனுப்பினேன்: தப்பு எங்களுடையது, யாரையும் நீக்கவில்லை என்று.

அவர் மட்டும் செல்லில் பார்ப்பதில்லை. மாதம் 5ஆம் தேதி நேரில் வந்து பிரிண்ட் கேட்கிறார். எடுத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். நாலாக மடித்து அந்த பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக்கொண்டு போகிறார்.