எத்னோகிராஃபிக் போர்ட்ரெய்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

அமெரிக்கத் தொல்குடிகளை ஊர் ஊராகப் போய் வரைந்த ஜார்ஜ் கேட்லின் (1796–1872) பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரைக்கு, எத்னோகிராஃபிக் போர்ட்ரெய்ட் (ஒரு மக்களின் தோற்றம், உடை, வாழ்முறையைப் பதிவுசெய்யும் ஆள் ஓவியம்) என்பதற்குச் சொல் வேண்டும். 'இனவரைவியல் உருவப்படம்' என்று இப்போதைக்கு இட்டிருக்கிறேன். ஆனால் உருவப்படம் என்றாலே மாலை போட்ட புகைப்படம்தான் கண்முன் வருகிறது. 'குடிமுக ஓவியம்' சரிவருமா?

*

> குடிமுக ஓவியம்

'முகம்' போதாது. 1832இல் மிசௌரி ஆற்றங்கரையில் கேட்லின் வரைந்த, மாண்டான் என்ற தொல்குடியின் தலைவர் மா-தோ-தோ-பா (நாலு கரடி) முழு உருவமாக நிற்கிறார். கொம்பு வைத்த இறகுத் தலையணி, கையில் ஈட்டி, போர்ச் செயல்கள் தீட்டிய சட்டை எல்லாமே அதில் ஆவணம்.

அதே ஆண்டில் சின்னக் கரடி என்ற ஹுங்க்பாப்பா (சூ தொல்குடியின் ஒரு பிரிவு) தலைவரைப் பக்கவாட்டில் வரைந்தார். 'பாதி ஆள்தான் இருக்கிறான்' என்று ஷோங்க்கா என்பவர் கேலி செய்ய, சண்டை முற்றிச் சின்னக் கரடி சுடப்பட்டு இறந்ததாகக் கேட்லினே எழுதியிருக்கிறார்.

'குடி'யிலும் சிக்கல் உண்டு (மதுவை விடுங்கள்). கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்காகத் தீட்டிய தஞ்சாவூர்க் கம்பெனி ஓவியங்களில் கணவன்-மனைவி இணைகளைச் சாதி, தொழில் வாரியாக வரைந்தார்கள். ஆளுக்குப் பெயர் கிடையாது. அவற்றைக் 'குடிவகைப் படம்' எனலாம். கேட்லின் பெயரும் பதவியும் குறித்தவர். நேரில் பார்த்து வரைந்தது என்று கோட்டை அதிகாரிகளிடம் சான்றிதழும் வாங்கிவைத்தார். இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது. என் முன்மொழிவு: இனவரை உருவோவியம்.

*

'இனவரை' நன்று. 'எல்லாமே ஆவணம்' என்பதை ஏற்க மாட்டேன். நாலு கரடியின் அணிகலன்கள் சிலவற்றை, உருவத்தின் எழிலைக் கெடுக்கும் என்று தாமே விட்டுவிட்டதாகக் கேட்லின் எழுதுகிறார். 1834இல் அதே தலைவரை வரைந்த சுவிஸ் ஓவியர் கார்ல் போட்மர், நீர்வண்ணத்தில் அணிகலன்களை நுணுக்கமாகக் காட்டினார். அருங்காட்சியகத்தார் உடையமைப்பை ஒப்பிட அவரைத்தான் நாடுவார்கள்.

எங்கே, எந்த அளவுக்கு முடித்தது என்பதும் வரையறையில் வர வேண்டும். மடக்கும் உலோக வண்ணக்குழாய்க்குக் காப்புரிமை கிடைத்தது 1841இல். அதற்கு முன் எண்ணெய் வண்ணம் பன்றிச் சவ்வுப்பையில் கட்டி விற்கப்பட்டது. ஊசியால் குத்திப் பிதுக்கி, ஓட்டையை ஆணியால் அடைப்பார்கள். பை வெடிக்கும், வண்ணம் ஆடை கட்டும். தடித்துப் பூசிய எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்கில் ஆகும். ஈரத்தோடு கித்தானைச் சுருட்டினால் ஒட்டிக்கொள்ளும், காய்ந்தபின் இறுக்கிச் சுருட்டினால் வெடிப்பு விழும். அதனால் மெல்லப் பூசி, முகத்தை மட்டும் அங்கேயே முடித்து, உடையைக் கோடாக விட்டுவைப்பதுண்டு. அப்படி இடத்திலேயே வரைந்ததற்குக் 'களவரைவு' என்று தனிச்சொல் வைப்போம்.

'மறுவரைவு'ம் வேண்டும். 1852இல் கடனில் முதல் தொகுப்பை இழந்த கேட்லின், பழைய படங்களைப் பின்னாளில் நூற்றுக்கணக்கில் மீண்டும் வரைந்தார். முதல் தொகுப்பு 1879இல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் போனது.

*

ஏற்கிறேன். ஓவியருக்குப் 'பயண ஓவியர்' போதும். செலவு என்பது பயணத்துக்குப் பழஞ்சொல் என்றாலும், 'செலவோவியர்' என்றால் செலவு செய்பவர் என்றுதான் படிப்பார்கள். 'உருவோவியம்' என்ற சொல்லின் சந்தியைப் பிரித்து 'உருவ ஓவியம்' என்றே எழுதுவோம், தேடுபொறியில் அகப்படும். படக்குறிப்பு இப்படி: மா-தோ-தோ-பா, மாண்டான் தலைவர். ஜார்ஜ் கேட்லின், 1832. இனவரை உருவ ஓவியம். கித்தானில் எண்ணெய் வண்ணம், 29 × 24 அங்குலம்.