புதைபடிவச் சங்கத்தோடு போன முதல் நாட்கள்: உங்களுக்கு என்ன நடந்தது?

கல்லுளி:
சங்கத்தில் சேர்ந்து மூன்றாவது வாரம். உருண்டைக் கல் ஒன்று கிடைத்ததும் பொறுமையில்லாமல் சுத்தியலால் ஒரே போடு. உள்ளே பெரணி இலை, அதன் நடுநரம்பிலேயே என் அடி. கூட வந்த பெரியவர் குந்தி உட்கார்ந்து, சேற்றில் சிதறிய சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, செய்தித்தாளில் மடித்து என் கையில் கொடுத்தார். "முப்பது கோடி வருஷம் முழுசா இருந்துச்சு" என்றார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

நத்தைக்கூடு:
சுத்தியலை யார் கொடுத்தது? அமெரிக்காவில் மேசன் கிரீக் என்ற இடத்தில் கிடைக்கும் இந்த மாதிரி உருண்டைக் கற்களைத் தண்ணீரில் ஊறவைத்து, ஃப்ரீசரில் வைத்து, எடுத்து இளகவிட்டு, திரும்ப வைப்பார்கள். ஒருநாள் தானே பிளக்கும். சில கல் மாசக்கணக்கில் அடம்பிடிக்கும். சரி, என் கதை. எலும்பு என்று நம்பி ஒன்றைக் கொண்டுபோனேன். சங்கத் தலைவி துடைத்து நாக்கில் வைத்தார். எலும்பின் நுண்துளை நாக்கைப் பிடிக்குமாம். பிடிக்கவில்லை. பத்துப் பேர் முன்னால் "கல்லு" என்றார்.

பாறைக்கிறுக்கு:
அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டிருக்காதீர்கள். கனிமம் நன்றாக ஏறிய எலும்பும் ஒட்டாது. தலைவி சொன்னதே முடிவில்லை.

ஆனால் சங்கமே வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன். 1858ல் லண்டனில் ஆர்வலர்களுக்கென்றே ஜியாலஜிஸ்ட்ஸ் அசோசியேஷன் தொடங்கியது. பெரிய ஜியாலஜிக்கல் சொசைட்டி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1919ல்தான். அதற்குள், புதைபடிவம் தேடுவதில் பேர்போன மேரி ஆனிங் இறந்து 72 வருஷம். சின்சினாட்டியில் 1942ல் தொடங்கிய சங்கத்துக்கு 'ட்ரை ட்ரெட்ஜர்ஸ்' என்று பெயர். வற்றிப்போன கடலடியை வாருகிறவர்கள்! 1950களில் பிரான்சிஸ் டல்லி என்ற ஆர்வலர் கண்டெடுத்த விநோதப் பிராணி என்ன இனம் என்று நிபுணர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் கல்லுளிக்கு ஒன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சில்லுகளை இப்போதே ஒட்டாதீர்கள். கண்ட பசையைப் போட்டால் பிறகு பிரிக்க முடியாது. முதலில் சீட்டு எழுதுங்கள்: இடம், எந்த அடுக்கு, தேதி, எடுத்தவர். கல்லிலேயே சின்னதாக எண் போட்டு, அதே எண்ணை நோட்டிலும் ஏற்றுங்கள். நினைவிருக்கும் என்று விட்டதில் என் பெட்டியில் பாதி வெறும் கல்.

கல்லுளி:
ஒட்டவில்லை, பொட்டலத்தையே பிரிக்கவில்லை. நீங்கள் சொன்னபிறகுதான் எடுத்துப் பார்த்தேன். செய்தித்தாள் ஓரத்தில் பென்சிலால் இடம், தேதி எல்லாம் அவரே எழுதியிருக்கிறார். எடுத்தவர் என்று என் பெயர், எழுத்துப்பிழையோடு.