செவர்லே போல்ட், ஆட்டோகிராஸ்: முன்பக்கம் திரும்ப மறுக்கிறது, எங்கே தொடங்குவது?

வேகநதி:

வணக்கம். 2019 செவர்லே போல்ட் மின்சாரக் கார் வைத்திருக்கிறேன். தினமும் வேலைக்குப் போகும் அதே வண்டியைத்தான் வார இறுதியில் ஆட்டோகிராஸில், அதாவது கோன்கள் வைத்துப் போட்ட பாதையில் நேரம் பார்த்து ஓட்டும் போட்டியில், ஓட்டுகிறேன். எதையும் மாற்றவில்லை, டயர்கூட வண்டியோடு வந்ததுதான்.

திருப்பத்துக்குள் நுழைந்ததும் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி வெளியே வழிந்துகொண்டே போகிறது. சரி, தாண்டி வந்தாச்சு என்று ஆக்சிலரேட்டரை மிதித்தால் உள்பக்க முன்சக்கரம் கீச்சிட்டுச் சுழல்கிறது, உடனே டிராக்‌ஷன் கன்ட்ரோல் பவரை வெட்டிவிடுகிறது. அப்புறம், எனக்குப் புரியவே புரியாத ஒன்று: காலை முதல் ஓட்டத்தில், மிதியை விட்டாலே வண்டி பலமாக வேகம் குறைக்கும் 'எல்' மோடில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைவதே இல்லை. மதியம் அதே இடத்தில் ஒழுங்காகக் குறைகிறது. இரவு வீட்டிலேயே முழு சார்ஜ் போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

செலவு செய்யத் தயார். ஆனால் எதை முதலில் செய்வது என்று தெரியவேண்டும். அதிகம் மாற்றாத சாலை வண்டிகளுக்கான ஸ்ட்ரீட் வகுப்பிலேயே இருக்க ஆசை.

பழைய மெக்கானிக்:

தம்பி, புரியவில்லை என்றீர்களே, அதற்கான பதில் இரவு முழு சார்ஜ் போடுகிறேன் என்ற வரியிலேயே இருக்கிறது. பேட்டரி நிறைந்திருந்தால், ரீஜென் (வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் செய்வது) அனுப்பும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடமில்லை. அதனால் வண்டியே ரீஜெனைக் குறைத்துவிடும். பேட்டரி ரொம்பக் குளிர்ந்திருந்தாலும் இதே கதைதான். மதியத்துக்குள் கொஞ்சம் சார்ஜ் இறங்கிவிடுகிறது, ரீஜென் திரும்பி வந்துவிடுகிறது.

85, 90 சதவீதத்தோடு போங்கள். சார்ஜ் தீர்ந்துவிடும் என்ற பயமே வேண்டாம். உங்கள் மோட்டார் 150 கிலோவாட். ஒரு நிமிடம் முழுக்க அடிமிதியாக மிதித்தால்கூட 2.5 கிலோவாட்-மணிதான் ஆகும், கோன் பாதையில் அப்படி மிதிக்க இடமே கிடையாது. 60 கிலோவாட்-மணி பேட்டரிக்கு இது பெரிய விஷயமில்லை. வீடு திரும்பவும் மிச்சம் இருக்கவேண்டும், அதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

மற்ற இரண்டும் டயரில் தொடங்குகின்றன. வண்டியோடு வந்த டயர் மைலேஜுக்காகச் செய்தது. 1,600 கிலோவுக்கு மேல் எடை, 360 நியூட்டன் மீட்டர் டார்க், அதுவும் மிதித்த நொடியிலேயே வருகிறது. அந்த ரப்பர் என்னதான் செய்யும்? எஸ்சிசிஏ என்ற அமெரிக்க கார் பந்தய மன்றத்தின் சோலோ (ஆட்டோகிராஸ்) விதிப்படி ஓட்டுகிறீர்கள் என்றால் ஸ்ட்ரீட் வகுப்பில் ட்ரெட்வேர் (டயரின் தேய்மான எண், பொதுவாக எண் குறைந்தால் பிடி கூடும்) 200-க்குக் குறையக் கூடாது. அந்த 200 ரகத்தில் நல்ல செட் ஒன்று வாங்குங்கள். வேறு எதற்கும் இப்போதைக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

ஸ்லாலம்ரசிகை:

டயர் விஷயத்தில் அண்ணா சொல்வதோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் புது டயர் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம், இருப்பதை வைத்தே நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

சாக்பீஸ் எடுத்துப்போங்கள். நான்கு டயரிலும் ஓடுபரப்பின் ஓரத்திலிருந்து பக்கச்சுவர் வரை குறுக்கே கோடு போடுங்கள். டயரின் தோளில் சின்ன முக்கோணக் குறி இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஓட்டம் முடிந்து வந்ததும் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பாருங்கள். முக்கோணத்தைத் தாண்டிப் பக்கச்சுவரிலும் அழிந்திருந்தால் டயர் மடிகிறது, காற்று ஏற்றுங்கள். முக்கோணத்துக்கு எட்டாமலே நின்றால் கொஞ்சம் இறக்கலாம். ஒரு தடவைக்கு 2 பிஎஸ்ஐ போதும். பக்கச்சுவரில் அச்சிட்ட உச்ச அளவை மட்டும் தாண்டவே கூடாது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் வேறு வேறு அளவு வந்தால் கவலைப்படாதீர்கள், முன்னால் எடை அதிகம்.

இன்னொன்று, 'எல்' மோடைப் பற்றி. போல்ட்டில் ரீஜென் முன்சக்கரங்களில் மட்டும்தான். டயரின் பிடி மாதச் சம்பளம் மாதிரி: வேகம் குறைக்கக் கொடுத்தது போக மிஞ்சுவதுதான் திரும்புவதற்கு. பாதித் திருப்பத்தில் காலைச் சட்டென்று எடுத்தால் முன்டயரின் பிடியில் பெரும்பகுதி ரீஜெனுக்கே போய்விடுகிறது. நீங்கள் சொல்லும் வழிதலில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, அப்புறம் திருப்புங்கள். ரீஜென் குறைவான 'டி' மோடிலும் ஒரு ஓட்டம் ஓட்டிப் பாருங்கள், கால் எடுத்தாலும் வண்டி அவ்வளவு பதறாது.

வேகநதி:

இருவருக்கும் நன்றி. டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடலாமா? கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு, அதை மாற்றினால் உதவுமா?

பழைய மெக்கானிக்:

அணைக்கலாம். பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் டிராக்‌ஷன் மட்டும் போகும். அழுத்திப் பிடித்தால் வண்டி சுழன்றுவிடாமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் சேர்ந்து போகும், அது இப்போதைக்கு இருக்கட்டும். ஆனால் அணைத்தால் பிடி கூடிவிடாது. இரு முன்சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுப்பது சாதாரண டிஃபரென்ஷியல், எந்தச் சக்கரத்தில் பாரம் குறைவோ அதுதான் சுழலும். திருப்பத்தில் அது உள்பக்கச் சக்கரம்.

அதைத் தரையில் அமுக்கி வைக்கப் பின்பக்கத்தை விறைப்பாக்க வேண்டும். பின்னால் ஆன்டி-ரோல் பார் (திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) போட்டால் பின் உள்சக்கரம் தூக்கும், முன் உள்சக்கரம் தரையோடு ஒட்டியிருக்கும். வழிதலும் குறையும். முன்னால் விறைப்பாக்கினால் உங்கள் தொல்லை கூடும், அந்தப் பக்கமே போகாதீர்கள். எஸ்சிசிஏ ஸ்ட்ரீட் வகுப்பில் முன் அல்லது பின், ஏதாவது ஒரு பாரைத்தான் மாற்ற முடியும். உங்களுக்குப் பின்.

கேம்பர்: தொழிற்சாலை அளவில் கிட்டத்தட்ட நேராகத்தான் நிற்கும். உங்கள் வகுப்பு விதி எந்த அளவு விடுகிறதோ அதற்குள், முன்னால் எவ்வளவு நெகட்டிவ் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது) கிடைக்கிறதோ அவ்வளவும் வாங்குங்கள். டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயா வெளியேயா பார்க்கின்றன என்பது) நேராகவோ துளி வெளியேயோ வைக்கச் சொல்லுங்கள். தினமும் ஓட்டும் வண்டி, அதிகம் டோ அவுட் வைத்தால் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேய்ந்துவிடும். பின்னால் இரு சக்கரங்களையும் இணைக்கும் டார்ஷன் பீம், அலைன்மென்டில் திருக எதுவும் இல்லை.

வேகநதி:

போன வாரம் 85 சதவீத சார்ஜோடு போனேன். காலை முதல் ஓட்டத்திலேயே ரீஜென் மதியம் மாதிரியே இருந்தது, அந்த மர்மம் தீர்ந்தது. சாக்பீஸ் கோடு முன் இடது டயரில் முக்கோணத்தைத் தாண்டி எழுத்துகள் வரை அழிந்திருந்தது. காற்று ஏற்ற ஏற்ற, ஸ்டீயரிங் கேட்ட உடனே மூக்கு திரும்ப ஆரம்பித்தது. கோன்களுக்கிடையே வளைந்து வளைந்து போகும் ஸ்லாலத்தில் 'டி' மோடு நிஜமாகவே நன்றாக இருக்கிறது. திருப்பம் முடிந்து மிதிக்கும்போது இன்னும் சக்கரம் சுழல்கிறது. டயர் ஆர்டர் போட்டாச்சு, பார் அதற்கப்புறம்.

ஸ்லாலம்ரசிகை:

அருமை! அதுவரை மிதியை மெதுவாக ஏற்றுங்கள். ஸ்டீயரிங் எவ்வளவு நேராகிறதோ அவ்வளவு மட்டும் வலது கால் இறங்கட்டும். புது டயர் வந்ததும் சாக்பீஸ் வேலையை முதலிலிருந்து செய்யுங்கள், பழைய அழுத்த எண்கள் அதற்குப் பொருந்தாது.